மாட்டுப் பவுண்டு பிரசவ ஆஸ்பத்திரி ஆன கதை

மிட்வைஃப் உத்தியோகத்தில் ஒரு கஷ்டம் உண்டு: நம்மைத் தேடி வருகிற யாரையும் "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது. சர்க்காரில் வேறு எந்த நாற்காலிக்கும் இந்தத் தொல்லை கிடையாது. மலைக்கோ காட்டுக்கோ மாற்றலாகிப் போய், ஒழுகும் கூரைக்கடியில் குடையைப் பிடித்துக்கொண்டு ரிஜிஸ்தர் எழுதியவர்களும், ஒரே ஒரு காகிதத்துக்காக ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பெஞ்சையே வழவழப்பாக்கியவர்களும் இதைப் படித்தால் என் பக்கம் நிற்பார்கள். மற்றவர்கள் சிரிக்கலாம். நாங்கள் அப்போது அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

அறுபதுகளின் ஆரம்பம். பஞ்சாயத்து யூனியன்கள் புதிதாக வந்திருந்தன. எனக்கு இருபத்துமூன்று வயது. ஆத்தூர்க்காரி. சேலத்தில் பயிற்சியை முடித்த கையோடு வந்த முதல் ஆர்டரிலேயே "கொல்லிமலை" என்று டைப் அடித்திருந்தது.

நிலையம் எங்கே?

பஸ் காளப்பநாயக்கன்பட்டியோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடைதான். தகரப் பெட்டியை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, காலையில் கிளம்பியவள் ஓடப்பட்டி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கால் இரண்டும் எனக்குச் சொந்தமானவையாகவே தோன்றவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் சடையக்கவுண்டர், ஐம்பது வயது, தலையில் பெரிய உருமாலை, என்னை ஊர் எல்லையிலேயே நின்று வரவேற்றார். கையில் இருந்த ஆர்டரை எடுத்து நீட்டினேன். "மகப்பேறு நிலையம், ஓடப்பட்டி" என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது.

அவர் என்னை ஒரு கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதி வரை குச்சிக்கிழங்கு குவித்துக் கிடந்தது. மீதிப் பாதியைச் சாணி போட்டு மெழுகி, ஒரு கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். கூரைப் புல் வழியாக நாலைந்து இடத்தில் வானம் தெரிந்தது. "இது நான் தங்குகிற இடம், சரி. நிலையம் எங்கே இருக்குங்க?" என்று கேட்டேன். கவுண்டர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"நீங்க வந்துட்டீங்களே, இனிமே நீங்கதானுங்க நெலையம். நீங்க எங்க நிக்கறீங்களோ அதான் ஆஸ்பத்திரி."

பரீட்சை

எனக்கு முன்னால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசவம் பார்த்துவந்தவள் கொங்காயி. நாற்பது வயதிருக்கும். நெட்டையாக, கம்பு போல இருப்பாள். மூன்றாம் நாள் வந்து கட்டில்மேல் உட்கார்ந்து, என் பையைத் தானே திறந்து, கத்தரி, பஞ்சு, லோஷன் பாட்டில், கொதிக்கவைத்துச் சுற்றிய நூல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு கேள்வி கேட்டாள்.

"நீ எத்தன புள்ள பெத்த, கண்ணு?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க, அக்கா."

அவ்வளவுதான். எழுந்துபோய் வாசலில் நின்றிருந்த பெண்களிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இரண்டு மாதம் என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் கிழங்குகளோடு பேசிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் கொங்காயியே ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை பிறந்தும் நஞ்சுக்கொடி கீழே இறங்காமல் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதை நான் எடுத்து, ரத்தம் நின்று, அந்தப் பெண் கண் திறந்து தண்ணீர் கேட்டபோது கொங்காயி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து நாங்கள் கூட்டு. ஆனால் அந்த முதல் தீர்ப்பை மட்டும் நான் இன்றுவரை மறக்கவில்லை. வாசலில் நின்று அவள் சொன்னது இது:

"மரமே ஏறாதவ பலாப்பழம் அறுக்க வந்திருக்கா, பாத்துக்கோங்க."

பாறைக்கடியில்

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் மீதிக் கதை புரியாது.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சின்னப்பொண்ணு என்ற பெண்ணுக்கு முதல் பிரசவம். வலி எடுத்து ஒரு முழுநாள் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. அவள் குடிசையில் அடுப்புப் புகை. நிமிர்ந்து நிற்க உயரமில்லை. என் கொட்டகையிலோ காய்ச்சலோடு ஒருத்தி பச்சைக் குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மீதி இடமெல்லாம் தண்ணீர். கீழே சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தேன். மூங்கிலில் கம்பளியைத் தூளி மாதிரி கட்டினார்கள். அவள் புருஷன் அரப்பளியும், வெள்ளையன் என்ற பக்கத்துக் காட்டுக்காரரும், இன்னும் இரண்டு பேரும் தூக்கினார்கள். நானும் கொங்காயியும் பின்னால்.

பாதி இறக்கத்தில், ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அடியில், குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. ரொம்பச் சின்னது. மூச்சு இருந்தது. துடைக்க ஒரு காய்ந்த துணி இல்லை. என் சேலை, கொங்காயியின் சேலை, கம்பளி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தீக்குச்சியும் நமுத்துப்போயிருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அடிவாரம் வருவதற்குள் அது சில்லிட்டுப்போனது. சின்னப்பொண்ணு பிழைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது அரப்பளிதான் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் கொட்டகை வாசலில் நின்று, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரி, ஒன்றே ஒன்று கேட்டான்.

"காஞ்ச துணியும் ஒரு கூரையும் இருந்திருந்தாப் போதுமுங்களா, நர்சம்மா?"

பவுன் வந்தது

அது நடந்து இரண்டு மாதத்துக்குள் ஊரே ஒருநாள் பரபரப்பாகிவிட்டது. யூனியன் ஆபீசிலிருந்து கவுண்டருக்குக் கடுதாசி வந்திருந்தது. அதைப் படித்துச் சொன்ன ஆள் அரைகுறை. சர்க்கார் ஓடப்பட்டிக்குப் பவுன் கொடுக்கிறது என்று சொல்லிவிட்டார். பெண்கள் காதையும் மூக்கையும் தடவிப் பார்த்துக்கொண்டே கவுண்டர் வாசலில் கூடிவிட்டார்கள். ஆளுக்கு எத்தனை பவுன் என்று ஒரு கட்சி, குடும்பத்துக்கு ஒன்றுதான் என்று இன்னொரு கட்சி.

நான் கடுதாசியை வாங்கிப் படித்தேன். பவுன் இல்லை, பவுண்டு. அதாவது மாட்டுப் பவுண்டு: பிறத்தியார் வெள்ளாமையில் மேயும் மாட்டைப் பிடித்து அடைத்துவைத்து, அபராதம் வாங்கிக்கொண்டு விடுகிற பட்டி. அது கட்டுவதற்கு மானியம் சாங்ஷன் ஆகியிருந்தது. ஊரே சுருங்கிப்போய்விட்டது. நான் மட்டும் கடுதாசியை இன்னொரு தடவை படித்தேன். சுவருக்குச் சர்க்கார் பணம் தருகிறது! மாட்டுக்குத் தருகிற சுவரை மனுஷிக்குத் தரக்கூடாதா? அங்கேயே, எல்லோர் எதிரிலும், கேட்டுவிட்டேன். கவுண்டர் உருமாலையைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்:

"நம்மூரு மாடு எதையும் அடைக்க வேண்டியதில்லீங்க நர்சம்மா. ஒவ்வொண்ணும் யாரூட்டு மாடுன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிருவோம்."

எருமைத் தீர்மானம்

மானியத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் பஞ்சாயத்துக் கூடித் தீர்மானம் போட வேண்டும். கூட்டம் அரசமரத்தடியில் சாமைக் கதிர் காயவைக்கிற களத்தில் நடந்தது. நான் தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரே ஒருவர் எழுந்து நின்றார். வெள்ளையன். அன்று தூளி தூக்கிய அதே வெள்ளையன்தான்.

"பவுண்டு வேணும்னு பெட்டிசன் குடுத்தவனே நான்தானுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. கவுண்டரிடம் ஓர் எருமை. அதைக் கட்டிப்போடும் கயிறு இன்னும் திரிக்கப்படவில்லை என்று ஊரில் சொல்வார்கள். போன வருஷம் வெள்ளையனின் சாமைக்காட்டில் பாதியை அது மேய்ந்துவிட்டது. வெள்ளையனுக்குக் கவுண்டர் மாமன் முறை. மாமனிடம் சண்டை போட முடியாமல்தான் அவர் சர்க்காரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஆஸ்பத்திரி வேண்டாங்கலீங்க. அந்தப் புள்ளயத் தூக்கிக்கிட்டு எறங்குனவன் நான். ஆனா என்ற காட்டுக்கு யாரு பொறுப்பு?" என்றார். கூட்டம் கவுண்டரைப் பார்த்தது. கவுண்டர் தரையைப் பார்த்தார். கடைசியில், "வேலி நானே போட்டுத் தாரேன் மாப்பிள்ளே. எருமையவும் கட்டிப் போடறேன்" என்றார். இதற்கு முன்னால் அவர் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, வெள்ளையன் அசையவில்லை.

"வாயில சொன்னா ஆகாதுங்க மாமா. நர்சம்மா, எருமையக் கட்டறாருன்னு தீர்மானத்துலயே எழுதுங்க. அப்பத்தான் கைநாட்டு வெப்பேன்."

அடித்துவிட்டு வாருங்கள்

எழுதினோம். எருமையையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டு கவுண்டரும் நானும் மலையிறங்கி யூனியன் ஆபீசுக்குப் போனோம். அங்கே ஹெட்கிளார்க் ஒருவர். மெல்லிய உடம்பு, கனத்த கண்ணாடி. நான்கு தடவை போனோம். நாலு தடவையும் எங்களைப் புதிதாகப் பார்ப்பது போலவே பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்த சகோதர சகோதரிகளே, அந்தப் பார்வை உங்களுக்குத் தெரியும். சர்க்கார் கணக்கில் கால்நடைத் தலைப்பு வேறு, சுகாதாரத் தலைப்பு வேறு. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பணம் தாண்டாது என்றார். தாண்டுவதற்கு வழி சொல்லுங்கள் என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஆறு மாதத்தில் பிள்ளை பெறப் போகிறவர்கள் பெயரையெல்லாம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதை அவர் மேஜைமேல் வைத்து, "இவங்க யாரும் தேதியைத் தள்ளிப் போட மாட்டாங்க சார்" என்றேன்.

அந்த லிஸ்டை அவர் ரொம்ப நேரம் படித்தார். பிறகு தீர்மானத்தை எடுத்தார். நடுவில் கண் நின்றுவிட்டது. "இதென்ன எருமை?" சொன்னோம். "எருமை எந்தத் தலைப்பிலும் வராது. அந்த எருமையை அடிச்சுட்டு வாங்க, பைலை மேலே வைக்கிறேன்" என்றார். கவுண்டர் எழுந்து நின்றுவிட்டார். "சாமி, அது ரெண்டு வேளையும் கறக்கற எருமைங்க. அதை எப்படீங்க நான் என்ற கையால..." ஆபீசில் எல்லாப் பேனாவும் நின்றது. ஹெட்கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வரியை அடித்தால் ஒரு கைநாட்டு போய்விடும் என்று நான் விளக்கியதும், அவரே சிவப்பு மசியில் ஓரத்தில் "எருமை, தகவலுக்கு மட்டும்" என்று எழுதிவிட்டுக் கவுண்டரிடம் மெதுவாகச் சொன்னார்:

"பேப்பர்லேருந்து அடிச்சுட்டு வரச் சொன்னேன் ஐயா. எருமை நல்லா இருக்கட்டும்."

தானாக வந்த சாட்சி

ஊரில் மாடு எதுவும் கட்டுக்கடங்காமல் திரிவதில்லை, ஆகவே பவுண்டு அவசியமில்லை என்று யூனியனின் பெரிய அதிகாரி பி.டி.ஓ. நேரில் பார்த்து எழுத வேண்டும். அதுதான் ஹெட்கிளார்க் சொன்ன, பணம் தாண்டுகிற வழி. பி.டி.ஓ. இளைஞர். மலையேறி வந்ததில் முகமெல்லாம் சிவந்து, வழியில் பார்த்த ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்து எழுந்து, மத்தியானம் வந்து சேர்ந்தார். ஊரே மாட்டையெல்லாம் காலையிலேயே கட்டிப்போட்டிருந்தது. கன்றுக்குட்டிகூட வெளியில் இல்லை. அவர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்த நேரத்தில், களத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, வாயில் சாமைத் தட்டோடு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது கவுண்டரின் எருமை. அறுத்துக்கொண்டு வந்த கயிறு பின்னால் இழுபட்டது.

பி.டி.ஓ.வின் பேனா நின்றது. எருமை நேராக வந்து பி.டி.ஓ.வின் நோட்டை முகர்ந்தது. "இது யார் மாடு? ஏன் அவிழ்த்துவிட்டிருக்கிறீர்கள்?" என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளையன் வந்தார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பவுண்டு பவுண்டாகவே நின்றிருக்கும். அவர் கேட்டதும் அதைத்தானே. எருமை வாயில் இருந்த தட்டு யார் காட்டிலிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் கீழே கிடந்த கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். பி.டி.ஓ.வைப் பார்த்துக் கும்பிட்டார்.

"திரியற எருமை இல்லீங்க சாமி. நான்தானுங்க மேச்சுக்கிட்டு இருக்கறேன். ஆபீசரு வந்திருக்கறாருன்னு பாக்கோணும்னுச்சு, கூட்டியாந்தேன்."

வேலி

மறுநாள் விடிந்ததும் கவுண்டர் முள்வெட்டப் போனார். மூன்று நாளில் வெள்ளையன் காட்டைச் சுற்றி வேலி எழுந்தது. நானும் போய்ப் பார்த்தேன். நல்ல வேலி. வெள்ளையன் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, மாமனிடம் ஒன்றும் சொல்லாமல் என்னிடம் சொன்னார்:

"ஆஸ்பத்திரி வந்தாலும் வராட்டியும் போகுதுங்க நர்சம்மா, எனக்கு வேலி வந்துருச்சு."

கூரை இல்லாத பிளான்

பி.டி.ஓ. எழுதிக் கொடுத்தார். யூனியன் கவுன்சிலும் சரி என்றது. மானியம் மாறிவிட்டது. நாங்கள் ஓடப்பட்டியில் சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஓவர்சியர் பிளானை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். விரித்தார். ஆளுயரத்துக்கு நான்கு சுவர். ஒரு அகலக் கதவு. தண்ணீர்த் தொட்டி ஒன்று. கூரை இல்லை. ஜன்னல் இல்லை. "இது பவுண்டு பிளான் ஆச்சே?" என்றேன். ஆமாம் என்றார். புதுப் பிளான் போட்டால் அது ஜில்லா ஆபீசுக்குப் போய் வர ஒரு வருஷம் ஆகும். பாஸான பிளானிலேயே கட்டிவிட வேண்டியது என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். மாட்டுக்குக் கூரை எதற்கு என்று யாரோ எப்போதோ நினைத்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

சுவர் எழுந்தது. ஊர்க்காரர்கள் கல் சுமந்தார்கள். அரப்பளி ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. விடியும்போது வருவான், இருட்டும்போது போவான். சின்னப்பொண்ணு மறுபடி முழுகாமல் இருந்தாள் என்பது அப்போது எனக்கும் கொங்காயிக்கும் மட்டும்தான் தெரியும். கூரையை ஊரே போட்டுக்கொள்வது, புல்லும் மூங்கிலும் மலையிலேயே கிடக்கிறது என்று பேசி முடித்தோம். கொத்தனார் ஜன்னலுக்காக இரண்டு இடத்தில் கல் வைக்க 'மறந்துவிட்டார்'. ஓவர்சியர் நல்ல மனுஷர். ஆனால் பிளானுக்கு அப்பால் ஒரு சாண் போகமாட்டார். சுவரை அளந்து, புத்தகத்தில் எழுதி, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டிவைத்திருந்த புல் கட்டுகளைப் பார்க்காதது போலப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்:

"நான் மலையை விட்டு இறங்கற வரைக்கும் கூரையில கை வைக்காதீங்கம்மா. இறங்கினப்புறம் நீங்க வானத்தையே எடுத்து மேலே போட்டாலும் எனக்குத் தெரியாது."

தொட்டி

பிளானில் இருந்தபடி தண்ணீர்த் தொட்டியும் கட்டியாகிவிட்டது. பத்து மாடு ஒரே சமயத்தில் குடிக்கலாம். பிரசவ அறை வாசலில் அது என்னத்துக்கு என்று எனக்கு அவமானமாக இருந்தது. இடித்துவிடலாமா என்று கொங்காயியிடம் கேட்டேன். அவள் தொட்டியைச் சுற்றி வந்தாள், விளிம்பைத் தட்டினாள், உள்ளே இறங்கி உட்கார்ந்தே பார்த்துவிட்டாள். இருபது வருஷமாக ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தவள் அவள் என்பது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"இடிக்கறதா? ஏங்கண்ணு, சர்க்காரு தெரியாம செஞ்சதுல இது ஒண்ணுதான் உருப்படி."

உச்சி வெயிலில் மழை

அடுத்த கார்த்திகையில் சின்னப்பொண்ணுக்கு வலி எடுத்தது. நல்ல மத்தியானம். வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தது. அவள் தானாகவே நடந்து வந்து, அந்த அகலக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கொங்காயி மண்சட்டியில் நெருப்பு போட்டு, கயிறு கட்டித் துணிகளை அதன் மேலாகக் காயப்போட்டிருந்தாள். காய்ந்த துணி, அடுக்கடுக்காக. அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் கை கழுவப் போனேன்.

குழந்தை பிறந்தது, பெண். ஆனால் நீலமாக இருந்தது, அழவில்லை. வாயைத் துடைத்து, காலைப் பிடித்து, முதுகைத் தேய்த்தேன். கொங்காயி சூடான துணியை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். கூரைமேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு முழு மலை இறக்கம் மாதிரி இருந்தது. பிறகு ஒரு சின்ன இருமல். அதற்கப்புறம் அழுகை. நல்ல கோபமான அழுகை. கதவுக்கு வெளியே அரப்பளி சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டதைக் கல் இடைவெளி வழியாகப் பார்த்தேன். ஜன்னலுக்கு விட்ட இடைவெளி. நான் குழந்தையைத் தட்டிச் சமாதானம் செய்யப் போனேன். சின்னப்பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க நர்சம்மா. கொஞ்ச நேரம் அழுவட்டும். நான் கேக்கறேன்."

பட்டிப் பதிவேடு

ஒன்றரை வருஷம் கழித்து ஆடிட் வந்தது. வந்தவர் வயசாளி, பருமன். ஏறிவந்த களைப்பில் கால் இரண்டும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. மிளகு தட்டிப்போட்டு, பால் விடாத வறக்காப்பி கொடுத்தோம். குடித்துவிட்டுப் பைல் கட்டை அவிழ்த்தார். மானியம் மாறிய கதையெல்லாம் வேறொரு பைலில் கீழே இருந்துவிட்டது போலிருக்கிறது. அவர் கையில் இருந்ததில் "கால்நடைப் பட்டி, ஓடப்பட்டி" என்று மட்டும் இருந்தது. "பட்டிப் பதிவேடு எங்கே?" என்றார். எங்களிடம் ஒரே ஒரு பதிவேடுதான் உண்டு. பிரசவப் பதிவேடு. கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பெயர், ஊர், கணவர் பெயர், வந்த தேதி, போன தேதி. ஒவ்வொரு கட்டத்துக்கும் டிக் போட்டார். உள்ளே கட்டிலில் ஒருத்தி படுத்திருந்தாள். தூளியில் குழந்தை சிணுங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். தூளியையும் பார்த்தார், பைலையும் பார்த்தார். ஆனாலும் கேட்டே தீர வேண்டிய கேள்வி அவரிடம் ஒன்று பாக்கி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அபராதம் ஏதாவது வசூலித்தீர்களா?" நான் பதில் தேடுவதற்குள், தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்த கொங்காயி ஈரக்கையோடு உள்ளே வந்தாள்.

"அபராதமெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி. தானா வாராங்க, தானாப் போறாங்க. வாரப்ப ஒண்ணா வாராங்க, போறப்ப ரெண்டாப் போறாங்க, அம்புட்டுத்தான்."

என் சர்வீசில் எத்தனையோ பிரசவம் பார்த்துவிட்டேன். ஆனாலும் அதிக நாள் இடுப்புவலி கண்டு, அதிகம் பேரைக் கூப்பிடவைத்து, கடைசியில் பெயர்கூட மாறிப் பிறந்தது அந்தக் கட்டடம் ஒன்றுதான்.